ஒரே விமானத்துக்கு நான்கு தளத்தில் நான்கு விலை: டிக்கெட்டை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரே நாள், ஒரே விமானம். நான்கு தளங்களில் தேடினால் நான்கு விலை வருகிறது. பணம் கட்டப் போகும்போது ஐந்தாவதாக ஒரு விலை வந்து நிற்கிறது. எந்தத் தளம்தான் உண்மையிலேயே மலிவு? எப்படி ஒப்பிட்டு வாங்குவது?

எப்போதுமே மலிவாக விற்கும் தளம் என்று ஒன்று கிடையாது. இன்று ஒரு வழித்தடத்துக்குக் குறைவாகக் காட்டிய தளம், நாளை இன்னொரு வழித்தடத்துக்கு அதிகமாகக் காட்டும். தேடல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தொகையை வைத்து ஒப்பிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதே பெட்டி எடை, அதே ரத்து விதி, அதே கார்டு என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, பணம் செலுத்தும் பட்டனுக்கு மேலே கடைசியாக நிற்கும் தொகையை ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். நீண்ட தூரப் பயணத்துக்கு அந்த அரை மணி நேரம் தாராளமாகச் செலவிடத் தக்கது.

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் டிக்கெட் தளங்கள் மூன்று வகை. முதலாவது, விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். இரண்டாவது, டிக்கெட்டை உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்து நடுவில் நிற்கும் ஆன்லைன் ஏஜென்ட்; எக்ஸ்பீடியா, பிரைஸ்லைன், ட்ரிப்.காம் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, பெரும்பாலும் தான் விற்காமல் மற்றவர்கள் விலையைத் திரட்டிக் காட்டி, கிளிக் செய்ததும் விற்பவரிடம் அனுப்பிவைக்கும் தேடல் தளம். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக், மொமொண்டோ போன்றவை. இந்த மூன்றில் யாரிடம் பணம் கட்டுகிறோம் என்பது கட்டும்வரை தெளிவாகத் தெரிய வேண்டும். தேடல் தளத்திலிருந்து குதித்து, பெயரே கேள்விப்படாத ஏஜென்ட் பக்கத்தில் இறங்கியதைக் கவனிக்காமலே பலர் வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெயர்கள் பலவாக இருந்தாலும் குடும்பங்கள் சிலவே. கயாக், மொமொண்டோ, சீப்ஃப்ளைட்ஸ், பிரைஸ்லைன், அகோடா எல்லாம் புக்கிங் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். எக்ஸ்பீடியா, ஆர்பிட்ஸ், ட்ராவலாசிட்டி ஆகியவை எக்ஸ்பீடியா குழுமம். ஸ்கைஸ்கேனரை 2016-ல் ட்ரிப்.காமின் தாய் நிறுவனம் வாங்கிவிட்டது. கயாக்கில் பார்த்துவிட்டு மொமொண்டோவில் பார்ப்பது ஓரளவுக்கு ஒரே வீட்டின் இரண்டு கதவைத் தட்டுவது போலத்தான். ஒப்பீடு என்றால் வெவ்வேறு குடும்பத்திலிருந்து இரண்டு தேடல் தளமும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளமும் போதும். பத்து டேப் திறப்பதால் கூடுதல் பயன் இல்லை.

விலை ஏன் வேறுபடுகிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எக்கானமி பகுதியில் எல்லா இருக்கையும் ஒன்றுதான். விலை மட்டும் பத்துப் பன்னிரண்டு அடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. ஒய் என்றால் வழக்கமாக முழு விலை எக்கானமி. அதற்குக் கீழே பி, எம், ஹெச், க்யூ, கே, எல் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் ஒரு வரிசை. எந்த அடுக்கில் எத்தனை இருக்கை திறந்து வைப்பது என்பதை நிறுவனத்தின் வருவாய் மேலாண்மைப் பிரிவு விற்பனையைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கும். அடுக்குகளின் விலையும் விதியும் ஏட்டிபிகோ என்ற அமைப்பு வழியாக வெளியாகின்றன. அங்கிருந்து அமேடியஸ், சேபர், ட்ராவல்போர்ட் என்ற மூன்று பெரிய விநியோக வலைகளுக்கும், அவற்றிலிருந்து ஏஜென்டுகளுக்கும் போய்ச் சேருகின்றன. சேபர் 1960-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கியது. அமேடியஸை 1987-ல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் தொடங்கின.

இந்த வலை வழியாக விற்றால் விமான நிறுவனம் ஒவ்வொரு புக்கிங்குக்கும் கட்டணம் தர வேண்டும். அதைத் தவிர்க்க நிறுவனங்கள் பல வருடங்களாகப் போராடுகின்றன. 2015 செப்டம்பரில் லுஃப்தான்சா குழுமம் இந்த வலை வழியாக எடுக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதலாக வசூலிக்கத் தொடங்கியது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ கொண்டுவந்த என்டிசி என்ற புதிய தொடர்பு முறை வழியாக, சில மலிவு விலைகளை வலைக்குத் தராமல் நேரடியாக மட்டும் கொடுக்கும் வழக்கமும் பரவிவிட்டது. சில நிறுவனங்கள் தேடல் தளத்திலேயே இல்லாமல் இருந்தன: அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் நிறுவன விமானங்களின் விலை 2024-ல்தான் கூகுள் ஃப்ளைட்ஸில் தெரிய ஆரம்பித்தது. ஆகவே தேடல் தளத்தில் இல்லாததால் அந்த வழித்தடத்தில் மலிவு விமானமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நீங்கள் போகும் விமான நிலையத்துக்கு எந்தெந்த நிறுவனங்கள் பறக்கின்றன என்பது அந்த நிலையத்தின் தளத்திலோ விக்கிப்பீடியா பக்கத்திலோ இருக்கும். பட்டியலில் இருந்து தேடலில் வராத நிறுவனத்தின் தளத்தைத் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கு மேல் ஏஜென்டுகளின் கைவேலை. ஒரு ஏஜென்ட் தனக்குக் கிடைக்கும் கமிஷனில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, நஷ்டத்துக்கே கூட டிக்கெட்டைக் காட்டி, பெட்டிக் கட்டணம், இருக்கைக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றில் பணத்தை எடுத்துவிடுவார். தேடல் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்வது வழக்கம். அதனால்தான் முதல் பக்கத்து விலையை வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

கடைசிக் காரணம், பழைய விலை. ஆயிரக்கணக்கான தேடலுக்கு ஒரு டிக்கெட் விற்றால் அதிகம். ஒவ்வொரு தேடலுக்கும் நேரடியாகக் கேட்டால் செலவு தாங்காது என்பதால், சற்று முன்பு யாரோ தேடியபோது வந்த விலையைச் சேமித்து வைத்து அதையே உங்களுக்கும் காட்டுவார்கள். அதற்குள் அந்த அடுக்கு விற்றுத் தீர்ந்திருக்கலாம். கிளிக் செய்ததும் 'விலை மாறிவிட்டது' என்று வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். யாரும் உங்களைப் பின்தொடர்ந்து விலையை ஏற்றுவதாக நினைத்து குக்கீயை அழித்து, இன்காக்னிட்டோவில் திறந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இன்காக்னிட்டோவில் வேறு விலை வந்தால், சேமித்து வைத்த விலை புதுப்பிக்கப்பட்டிருக்கும். அல்லது நாடும் நாணயமும் மாறியிருக்கும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதும் இதே வகை. விலை எந்த நாளும் எந்த நேரமும் மாறும். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் விலையை அதிகம் மாற்றும்.

இனி தேடும் முறை. தேதியில் கொஞ்சம் நெகிழ்வு இருந்தால் கூகுள் ஃப்ளைட்ஸில் தொடங்குங்கள். இதன் அடித்தளம் எம்ஐடி கணினியியலாளர்கள் 1996-ல் தொடங்கிய ஐடிஏ சாஃப்ட்வேர். 2011-ல் அதைக் கூகுள் வாங்கியது. வேகம் அதிகம், விலையும் பெரும்பாலும் புதியதாக இருக்கும். தேதிக் கட்டத்தை அழுத்தினாலே ஒவ்வொரு நாளுக்கும் கீழே குறைந்தபட்ச விலை தெரியும். 'டேட் கிரிட்' என்ற வசதி புறப்படும் நாளை ஒரு பக்கமும் திரும்பும் நாளை இன்னொரு பக்கமும் வைத்து முழு அட்டவணையாகக் காட்டும். ஒருநாள் முன்பின் நகர்த்தினால் எவ்வளவு குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். போகும் இடமே முடிவாகவில்லை என்றால் ஸ்கைஸ்கேனரில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக 'எவ்ரிவேர்' என்று கொடுத்து, தேதிக்குப் பதிலாக முழு மாதத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஊருக்குப் பல விமான நிலையம் இருந்தால் ஊர்க் குறியீட்டைக் கொடுங்கள். லண்டனுக்கு எல்ஓஎன் என்று கொடுத்தால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாம் சேர்ந்து வரும். நியூயார்க்குக்கு என்ஒய்சி, டோக்கியோவுக்கு டிஒய்ஓ. ஆனால் மலிவு விலையைப் பார்த்ததும், நிலையம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். பாரிஸ் பெயரில் விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஃப்ராங்க்ஃபர்ட் ஹான், ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். நள்ளிரவில் இறங்கி, பஸ் இல்லாமல் டாக்ஸி பிடித்தால் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

முடிவுகள் வந்ததும் முதலில் வரிசையை மாற்றுங்கள். 'சிறந்தது', 'பரிந்துரை' என்று தளம் தானாக வைக்கும் வரிசையில் விலை, நேரம், சில இடங்களில் விளம்பரமும் கலந்திருக்கும். குறைந்த விலை வரிசைக்கு மாற்றி, பிறகு வடிகட்டியைப் போடுங்கள்: எத்தனை இடத்தில் மாற வேண்டும், லேஓவர் (நடுவில் காத்திருக்கும் நேரம்) அதிகபட்சம் எவ்வளவு, இடையில் விமான நிலையமே மாறுகிறதா, தனித்தனி டிக்கெட்டா. நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள்; ஹோட்டல் தேதியை இதைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, இரண்டு வெவ்வேறு எண்ணில் இரண்டு விலையில் விமானம் தெரிந்தால் அது பெரும்பாலும் கோட்ஷேர்: விமானம் ஒன்று, விற்பவர் இருவர். விமானத்தை உண்மையில் இயக்குவது யார் என்று சொல்லும் 'ஆபரேட்டட் பை' வரியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மலிவான எண்ணில் வாங்கலாம். ஆனால் பெட்டி எடை விதி இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நால்வராகப் போகும் குடும்பத்துக்கு ஒரு முக்கியமான சோதனை உண்டு. இதைத் தெரியாமல் கூடுதலாகக் கட்டுபவர்கள் ஏராளம். விலை 100 என்ற அடுக்கில் இரண்டே இருக்கை மிச்சம், அடுத்த அடுக்கு 130 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால் நான்கு இருக்கையும் கிடைக்கும் அடுக்கைத்தான் அமைப்பு தேடும்; ஆளுக்கு 130, மொத்தம் 520. இரண்டிரண்டாக எடுத்தால் 200 கூட்டல் 260, மொத்தம் 460. ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள், பிறகு இருவர், மூவர், நால்வர் என்று ஏற்றிப் பாருங்கள். ஆள் விலை எந்த எண்ணிக்கையில் குதிக்கிறதோ, அங்கே அடுக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். பிரித்து எடுத்தால் பிஎன்ஆர் (புக்கிங் குறியீடு) இரண்டாகும். விமானம் ரத்தானால் இரண்டு பாதியும் வெவ்வேறு மாற்று விமானத்தில் போய் விழ வாய்ப்புண்டு. குழந்தைகள் இருந்தால் ஒவ்வொரு பிஎன்ஆரிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரியுங்கள். பிறகு நிறுவனத்தை அழைத்து இரண்டு பிஎன்ஆரையும் இணைத்துக் குறிப்புப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து, போய்வர ஒரே டிக்கெட்டா, இரண்டு தனித்தனி டிக்கெட்டா? குறைந்த கட்டண நிறுவனங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால் வித்தியாசம் வராது. போக ஒரு நிறுவனம், வர இன்னொன்று என்று கலந்துகொள்ளலாம். கண்டம் தாண்டும் முழுச் சேவை விமானங்களில் நிலைமை வேறு. அங்கே ஒருவழி டிக்கெட் போய்வரும் டிக்கெட்டைவிடக்கூட அதிகமாக இருப்பதுண்டு. இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போய்வரும் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் போகும் பாதியை விட்டுவிட்டால், திரும்பும் பாதியும் தானாக ரத்தாகிவிடும் என்பது அநேகமாக எல்லா நிறுவனத்திலும் விதி.

இப்போது ஒப்பீட்டின் நடுநாயகமான இடத்துக்கு வருவோம். ஒரு தேடல் தளம் ஏஜென்டிடம் 100, விமான நிறுவனத்தில் 104 என்று காட்டுகிறது. இரண்டு டேபில் இரண்டையும் திறந்து, கார்டு எண் கேட்கும் பக்கம்வரை போங்கள். ஏஜென்ட் பக்கத்தில் பயணியின் பெயரைக் கொடுத்ததும் சேவைக் கட்டணம் 3 ஏறுகிறது. 23 கிலோ பெட்டிக்கு 12 என்கிறார். அதே பெட்டி நிறுவனத்தின் தளத்தில் 9. 'மன அமைதி பேக்', 'எஸ்எம்எஸ் தகவல்', 'முன்னுரிமை வாடிக்கையாளர் உதவி' என்று டிக் அடிக்கும் கட்டங்கள் மூன்று வரும். மூன்றையும் வேண்டாம் என்று விடுங்கள். கடைசியில் கார்டு கட்டணம் 2. மொத்தம் 117. நிறுவனத்தின் தளத்தில் 104 கூட்டல் 9, மொத்தம் 113. நான்கு மலிவாகத் தெரிந்தது நான்கு அதிகமாகிவிட்டது. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் கூடுதல் தொகை வந்து ஒட்டும் இடங்கள் எங்கும் இவைதான்.

வரியெல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ம் ஆண்டு 1008 எண் ஒழுங்குமுறை சொல்கிறது. கூடுதல் சேவைகளை முன்கூட்டியே டிக் அடித்து வைப்பதையும் அது தடுக்கிறது. அமெரிக்காவில் 2012 முதல் விளம்பர விலையில் வரியும் கட்டாயக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை என்பதால் அடிப்படை விலையை மட்டும் காட்டி வரியைப் பிறகு சேர்க்கும் பக்கங்களும் உண்டு. செக்-இன் பெட்டியும் இருக்கைத் தேர்வும் பெரும்பாலும் விருப்பச் சேவை என்ற கணக்கில் வருவதால் அவை முதல் விலையில் இல்லாமல் போகலாம்.

விலையோடு கூடவே விதியையும் வையுங்கள். பெரிய நிறுவனங்களே இப்போது எக்கானமியை மூன்று நான்காகப் பிரித்து விற்கின்றன. அடிமட்ட வகையில் பெட்டி கிடையாது, இருக்கை தேர்வு கிடையாது, மாற்ற முடியாது, ரத்து செய்தால் ஒன்றும் வராது என்று இருக்கலாம். தேடல் தளம் பல சமயம் எல்லாவற்றையும் 'எக்கானமி' என்றே எழுதும். ஒரு தளத்தில் அடிமட்ட வகையையும் இன்னொன்றில் அடுத்த வகையையும் பார்த்துவிட்டு 'இங்கே மலிவு' என்று முடிவெடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வகையின் பெயர் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொகையைப் பார்க்க வேண்டும். ரத்துக்கும் இரண்டு பிடித்தம் உண்டு: விமான நிறுவனத்தின் அபராதம் ஒன்று, ஏஜென்டின் ரத்துக் கட்டணம் இன்னொன்று. சேவைக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் கூப்பன் தொகையும் போய்விடும். பயணம் உறுதியில்லை என்றால் இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பாருங்கள்.

நாணயம் ஒரு தனிச் சங்கதி. எந்த நாட்டுப் பக்கத்தில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறலாம். விலையை நிறுவனங்கள் விற்பனை நாட்டை வைத்து வகுப்பதும், மாற்று விகிதத்தை வேறு நாளில் புதுப்பிப்பதும் காரணம். தளத்தின் கீழேயோ மேல் மூலையிலோ இருக்கும் நாடு, நாணயம் இரண்டையும் புறப்படும் நாட்டுக்கும் வீட்டு நாட்டுக்கும் மாற்றிப் பார்க்கலாம். அயல்நாட்டு நாணயத்தில் கட்டினால் உங்கள் வங்கி மார்க்கப் கட்டணம் போடும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம்வரை. பணம் கட்டும்போது 'உங்கள் நாணயத்திலேயே கட்டுகிறீர்களா?' என்று கேட்டு மாற்றிக் காட்டும் தொகை பெரும்பாலும் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருக்கும். விற்பவரின் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக லாபம். மார்க்கப்பைக் கூட்டியபிறகும் மலிவாக இருந்தால் மட்டும் அயல்நாட்டுப் பக்கத்தில் வாங்குங்கள்.

யாரிடம் வாங்குவது என்பதில் என் கருத்து உறுதியானது. இறுதித் தொகையில் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் என்றால் விமான நிறுவனத்திடமே வாங்குங்கள். நேரம் மாறினால், விமானம் ரத்தானால், பெயரில் எழுத்துப்பிழை என்றால் நேராக அவர்களிடமே பேசலாம். ஏஜென்ட் டிக்கெட் என்றால் பல சமயம் 'நீங்கள் வாங்கியவரிடம் கேளுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்டோ நிறுவனம் சரி சொல்ல வேண்டும் என்பார். விமான நிலையத்தில் நின்றுகொண்டு இந்த இருவருக்கும் நடுவில் அலைவது மிகக் கஷ்டம். ரீஃபண்டும் நிறுவனத்திலிருந்து ஏஜென்டுக்கு வந்து, அங்கிருந்துதான் உங்களுக்கு வரும். அமெரிக்க விதி இன்னொரு காரணம்: அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ பறக்க, புறப்பட 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யும் உரிமையையோ பணம் கட்டாமல் விலையைப் பிடித்துவைக்கும் வசதியையோ நிறுவனம் தர வேண்டும். ஏஜென்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சிலர் தாங்களாகத் தருகிறார்கள்.

ஏஜென்டே சரி என்ற நேரமும் இருக்கிறது. இரண்டு நிறுவன விமானங்களை ஒரே டிக்கெட்டில் கோத்துத் தர விமான நிறுவனத் தளத்துக்கு முடியாதபோது ஏஜென்டால் முடியலாம். மொத்தமாக வாங்கி வைத்த விலை, ஹோட்டலோடு சேர்ந்த பேக்கேஜ் விலை ஆகியவை நேரடித் தளத்தில் கிடைக்காது. நிறுவனத்தின் தளம் உங்கள் கார்டை ஏற்க மறுப்பதும் உண்டு. அப்படி வாங்கும்போது ஏஜென்டின் பெயரைத் தனியாகத் தேடி, ரீஃபண்ட் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட, ரத்து நேர்ந்தவர்கள் எழுதியதைப் படிப்பதுதான் பயன். தேடல் பக்கத்தில் விளம்பரமாக வரும் 'ஏர்லைன்ஸ் கஸ்டமர் கேர்' எண்ணுக்கு ஒருபோதும் அழைக்காதீர்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

மிக மலிவாகத் தெரியும் இணைப்புப் பயணங்களில் ஒரு பகுதி 'செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்'. அதாவது தொடர்பில்லாத இரண்டு டிக்கெட்டுகளைத் தளம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பயணமாகக் காட்டுகிறது. நடுவில் இறங்கி, பெட்டியை எடுத்து, அந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். உள்ளே நுழைய விசா வேண்டியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சில சமயம் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை. சில தளங்கள் தங்கள் பெயரில் உத்தரவாதம் விற்கின்றன. விதியை வரிவரியாகப் படிக்காமல் அதை நம்ப வேண்டாம். செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்தான் வேண்டும் என்றால் நடுவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அன்றைய கடைசி விமானமாக இரண்டாவது இருக்கக் கூடாது.

மலிவு என்பதற்காகத் தூரத்து ஊருக்கு எடுத்து, நடு ஊரில் இறங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும் டிக்கெட் பற்றியும் கேட்பார்கள். ஸ்கிப்லாக்ட் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது. 2014-ல் யுனைடெட் ஏர்லைன்ஸும் ஆர்பிட்ஸும், 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அதன்மேல் வழக்குப் போட்டன. செக்-இன் பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும். மீதிப் பயணம் ரத்தாகும். பறந்ததற்குப் புள்ளி சேரும் மைலேஜ் கணக்கை நிறுவனம் முடக்கலாம். வழி மாற்றி உங்களை வேறு ஊர் வழியாக அனுப்பினால் இறங்க வேண்டிய ஊரே வராது. பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது வாங்குவது என்பதற்குச் சூத்திரம் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்பனையைத் திறக்கும். அன்றே மலிவு என்பதில்லை. பல மலிவு அடுக்குகளில் 21, 14, 7 நாள் முன்பே வாங்க வேண்டும் என்ற விதி இருக்கும். அந்த நாள் தாண்டியதும் இருக்கை காலியாக இருந்தாலும் விலை ஒருபடி ஏறிவிடும். ஆகவே தேதி முடிவானதும் இரண்டு தளத்தில் விலை அலர்ட் போடுங்கள். கூகுள் ஃப்ளைட்ஸ் இந்த விலை வழக்கத்தைவிடக் குறைவா, அதிகமா என்று காட்டும். அது 'குறைவு' என்றால் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி விடுமுறை, திருவிழா நாட்களுக்கு அலர்ட்டை நம்பி உட்காராமல் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது.

கட்டுவதற்கு முன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து சரியா என்று பாருங்கள். இனிஷியலை விரிக்க வேண்டிய பெயர் உள்ளவர்கள் குடும்பப்பெயர் கட்டத்தில் தவறு செய்வது அதிகம். காலை, மாலை குழப்பமும் உண்டு. 00:30 விமானத்துக்கு முந்தைய இரவே நிலையத்தில் இருக்க வேண்டும்.

கட்டியபிறகு வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்துவிட்டால் டிக்கெட் வந்துவிட்டது என்று பொருளல்ல; அது இடம் பிடித்ததற்கான குறியீடு மட்டும். டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும். எமிரேட்ஸ் என்றால் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. ஏஜென்டின் மின்னஞ்சலில் இந்த எண் இல்லாவிட்டால், அன்றே விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரும் குடும்பப்பெயரும் கொடுத்துத் திறந்து பாருங்கள். ஏஜென்டின் குறியீடும் நிறுவனத்தின் குறியீடும் வேறாக இருக்கலாம்; நிறுவனத்தின் குறியீட்டை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். திறந்ததும் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் அங்கே சேர்த்துவிடுங்கள். பல ஏஜென்டுகள் தங்கள் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். நேர மாற்றத் தகவல் அவர்களிடமே நின்றுவிடும். பெட்டியும் இருக்கையும் வேண்டுமென்றால் அதே பக்கத்தில் நிறுவனத்தின் விலைக்கே சேர்த்துக்கொள்ளலாம். இலவச ரத்து நேரம் இருக்கும் டிக்கெட்டாக இருந்தால், அது முடியும் முன் அதே விமானத்தை இன்னொரு முறை தேடிப் பாருங்கள். விலை இறங்கியிருந்தால் முதலில் புதியதை எடுத்து, 13 இலக்க எண் வந்ததைப் பார்த்தபிறகு பழையதை ரத்து செய்யுங்கள். ஒரே விமானத்தில் ஒரே பெயருக்கு இரண்டு புக்கிங் இருந்தால் சில நிறுவனங்களின் அமைப்பு ஒன்றைத் தானாக நீக்கிவிடும். ஆகவே நடுவில் தாமதம் வேண்டாம்.